நிலவில் காணாமல் போன ‘எ’: ஆங்கிலப் பேச்சில் ஒலிகள் கரைவது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1969 ஜூலை 21, திங்கட்கிழமை, இந்திய நேரம் காலை 8.26. அப்போலோ 11 தரையிறங்கு கலத்தின் ஏணியிலிருந்து நீல் ஆர்ம்ஸ்ட்ராங் இடது காலை எடுத்து நிலவின் மண்ணில் வைத்தார். கூடவே ஒரு வாக்கியம் சொன்னார். நாசாவின் மதிப்பீட்டின்படி சுமார் 65 கோடிப் பேர் அந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழுந்தது இது: ‘தட்ஸ் ஒன் ஸ்மால் ஸ்டெப் ஃபார் மேன், ஒன் ஜயன்ட் லீப் ஃபார் மேன்கைண்ட்.’

முன்னால் ‘ஒரு’ என்று பொருள் தரும் ‘எ’ என்ற குட்டிச் சொல் இல்லாமல் வெறும் ‘மேன்’ என்று நின்றால் ஆங்கிலத்தில் ஒட்டுமொத்த மனித இனம் என்று பொருள். ‘மேன்கைண்ட்’ என்றாலும் அதேதான். அப்படியானால் இது மனித இனத்துக்குச் சின்ன அடி, மனித இனத்துக்குப் பெரிய பாய்ச்சல் என்று ஆகிவிடுகிறது. ‘ஃபார் எ மேன்’ என்றிருந்தால் சிக்கலே இல்லை. தனி ஆள் ஒருவனுக்குச் சின்ன அடி, மனித குலத்துக்குப் பெரிய பாய்ச்சல். தான் சொன்னது அதுதான் என்றார் ஆர்ம்ஸ்ட்ராங். ஒலிப்பதிவில் அது கேட்கவில்லை.

சொன்னாரா, இல்லையா என்ற பட்டிமன்றம் ஐம்பது வருடங்களுக்கு மேலாக நடக்கிறது. எனக்கு அதில் உள்ள ஆர்வம் கொஞ்சம் வேறு. ஆங்கிலத்தைக் காதால் பிடிக்கத் திணறும் மாணவர்களோடு புழங்குகிறவனுக்கு, ஆங்கிலமே தாய்மொழியான கோடிக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் ‘லிஸனிங் டெஸ்ட்’டில் தடுக்கி விழுந்த சம்பவமாக இது தெரிகிறது. இந்த அளவுக்கு அளந்து, அலசி, ஆராயப்பட்ட வாக்கியம் வேறொன்று கிடைப்பது கஷ்டம்.

சாட்சிகள்

முதல் சாட்சி பேசியவரே. ‘எ’ சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன், சொன்னதாகத்தான் எண்ணினேன், ஆனால் பதிவைக் கேட்டால் எனக்கே கேட்கவில்லை என்று நிலவுப் பயணத்தின் முப்பதாம் ஆண்டான 1999இல் அவர் ஒப்புக்கொண்டார். அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுங்கள், சந்தோஷம் என்பது அவர் கேட்டுக்கொண்ட சமரசம். இன்றும் பல ஆவணங்களில் அந்த ‘எ’ அடைப்புக்குறிக்குள்தான் இருக்கிறது.

ஆர்ம்ஸ்ட்ராங் 2012 ஆகஸ்டில் இறந்த பிறகு அவருடைய தம்பி டீன் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தில் புதுத் தகவல் ஒன்றைச் சொன்னார். பயணத்துக்கு முன்பு ஒரு நாள் இரவு பலகை விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தபோது அண்ணன் ஒரு துண்டுச் சீட்டைக் காட்டினாராம். அதில் ‘எ மேன்’ என்றே எழுதியிருந்ததாம். தரையிறங்கிய பிறகுதான் அந்த வாக்கியத்தை யோசித்தேன் என்று ஆர்ம்ஸ்ட்ராங் வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்ததோடு இது ஒத்துப்போகவில்லை. இருக்கட்டும். எப்போது யோசித்தார் என்பதில்தான் முரண்பாடு. என்ன சொல்ல நினைத்தார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நினைப்புக்கும் ஒலிப்பதிவுக்கும் நடுவில்தான் ஏதோ நடந்திருக்கிறது.

அடுத்து வந்தவர்கள் கருவிகளோடு வந்தார்கள். 2006இல் ஆஸ்திரேலியாவில் இருந்த பீட்டர் ஷான் ஃபோர்ட் என்ற கணினி நிரலாளர் பதிவைக் கணினியில் விரித்துப் பார்த்து, ‘எ’ இருக்கிறது, 35 மில்லிவினாடிதான் நீடிக்கிறது, அதனால் காதுக்கு எட்டவில்லை என்றார். செய்தித்தாள்கள் கொண்டாடின. மொழியியலாளர்கள் மார்க் லிபர்மனும் டேவிட் பீவரும் அந்தச் சான்றை ஏற்கத் தயங்கினார்கள். 2009இல் தடயவியல் மொழியியலாளர் ஜான் ஓல்சனும் எழுத்தாளர் கிறிஸ் ரைலியும் நேர் எதிராகச் சொன்னார்கள்: ‘ஃபார்’ என்பதன் ‘ர்’ நேராக ‘மேன்’ என்பதன் ‘ம்’மில் போய் விழுகிறது, நடுவில் ‘எ’ நுழைய இடமே இல்லை. அந்த எழுத்தை ரேடியோ இரைச்சல் தின்றுவிட்டது என்ற பழைய சமாதானத்துக்கும் அதோடு பலம் குறைந்தது. குரல் அவர் முதுகுப் பெட்டியின் ரேடியோவிலிருந்து கலத்துக்கும், அங்கிருந்து சுமார் 3,84,000 கிலோமீட்டர் தாண்டிப் பூமிக்கும் வந்தது, இரைச்சல் இருந்தது எல்லாம் சரி. ஆனால் ஒலி ஒன்றிலிருந்து ஒன்றாக வழுக்கிப் போகிறது என்றால் அங்கே துண்டு விழுந்ததாகச் சொல்ல முடியாது.

என் பார்வையில் இந்த இரண்டு தரப்புமே தேடியது தவறான பொருளை. ‘எ’ என்று தனியாக வெட்டி எடுத்துக் காட்டக்கூடிய ஒரு துண்டு பதிவில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். சாம்பாரில் போட்ட வெல்லத்தைக் கரண்டியால் துழாவிக் கட்டியாகத் தேடுகிற கதை அது. பேச்சில் கரைந்த ஒலி தனித் துண்டாக அகப்படாது. பக்கத்து ஒலியின் நீளத்திலும் நிறத்திலும்தான் அதன் சுவடு இருக்கும்.

0.127 வினாடி

சரியான கேள்வியோடு வந்தவர்கள் மிஷிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் லாரா டில்லியும், மெலிஸா பேஸ்-பெர்க், மார்க் பிட் உள்ளிட்ட அவருடைய கூட்டாளிகளும். 2013இல் முதலில் வெளியில் சொல்லி, 2016இல் பிளாஸ் ஒன் ஆய்விதழில் முழுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அவர்கள் ஆர்ம்ஸ்ட்ராங்கின் வாயை விட்டுவிட்டு அவருடைய ஊர்க்காரர்களின் வாயைப் பார்த்தார்கள்.

ஆர்ம்ஸ்ட்ராங் ஒஹாயோ மாநிலத்தின் வாப்பகொனெட்டா என்ற சிற்றூரில் 1930இல் பிறந்தவர். அதே மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்துக்காரர்கள் 40 பேர் சாவகாசமாகப் பேசியதைப் பதிவு செய்து வைத்திருக்கும் ‘பக்ஐ’ என்ற பேச்சுத் தொகுப்பு ஒன்று உண்டு. அதில் ‘ஃபார் எ’ என்று வரும் 191 இடங்களைத் தேடி எடுத்தார்கள். ‘எ’ இல்லாமல் வெறும் ‘ஃபார்’ வரும் இடங்களையும் எடுத்து இரண்டின் நீளத்தையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒன்றோடொன்று பெரிய அளவில் கலந்து கிடந்தன. ‘எ’ சேர்ந்த ‘ஃபார் எ’ பல நேரம் வெறும் ‘ஃபார்’ அளவுக்கே குட்டையாக இருந்தது. ஆர்ம்ஸ்ட்ராங்கின் பதிவில் அந்த இடம் 0.127 வினாடி நீளம். அது அந்தக் கலவையின் நட்டநடுவில் போய் விழுந்தது. ஆக, அவர் ‘எ’ சொல்லியிருந்தாலும் பதிவு இப்படியே இருக்கலாம், சொல்லாவிட்டாலும் இப்படியே இருக்கலாம். அவர் சொன்னது எதுவானாலும் கேட்பவர் காதுக்கு வெறும் ‘ஃபார்’ என்று படவே சற்றுக் கூடுதல் வாய்ப்பு. அவர்கள் முடிவு இதுதான்.

வாய்க்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ‘ஃபார்’ என்ற சொல்லைத் தனியாகச் சொல்லச் சொன்னால்தான் ஆங்கிலேயரோ அமெரிக்கரோ ‘ஃபார்’ என்பார். வாக்கியத்துக்குள் அழுத்தம் கிடைக்காத இடத்தில் அது ‘ஃபர்’ என்று சுருங்கும். அமெரிக்கர் வாயில் இன்னும் சுருங்கி, உயிரொலியே இல்லாமல் ‘ஃப்ர்’ என்று நிற்கும். அங்கே ‘ர்’தான் உயிரின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. அந்த ‘ர்’ நம் தமிழ் ரகரம் மாதிரி நாக்கு நுனி தட்டுகிற ஒலி கிடையாது. நாக்கைச் சுருட்டியோ குவித்தோ வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுக்கலாம். இப்போது ‘எ’. அழுத்தம் இல்லாத ‘எ’ என்பது வாயைப் பாதி திறந்து, நாக்கை எங்கும் கொண்டுபோகாமல் சும்மா விட்டால் வரும் மங்கலான ‘அ’. இழுபடும் ‘ர்’ருக்கும் இந்த மங்கல் ‘அ’வுக்கும் நாக்கு மாற வேண்டிய தூரம் மிகக் குறைவு. அடுத்து ‘ம்’முக்காக உதடு மூடப் போகிறது. வேகமாகச் சொன்னால் நாக்கு அந்தக் குட்டிப் பயணத்தைக்கூடப் போகாது. ‘ர்’ கொஞ்சம் கூடுதலாக நீளும், அவ்வளவுதான். ‘ஃப்ர்மேன்.’

இதே வாக்கியத்தை லண்டன்காரர் ஒருவர் சொல்லியிருந்தால் வழக்கு அன்றைக்கே முடிந்திருக்கும். தென் இங்கிலாந்து உச்சரிப்பில் மெய்யெழுத்துக்கு முன்னால் ‘ர்’ ஒலிக்காது. உயிருக்கு முன்னால் மட்டும் எட்டிப் பார்க்கும். ‘ஃபார் மேன்’ என்றால் ‘ஃப மேன்’. ‘ஃபார் எ மேன்’ என்றால் ‘ஃபர மேன்’. ‘ர்’ கேட்டாலே ‘எ’ இருந்தது என்று அர்த்தம். ‘எ’ செத்தாலும் அதன் சாட்சியாக ‘ர்’ நிற்கும். எல்லா இடத்திலும் ‘ர்’ரை ஒலிக்கிற ஒஹாயோக்காரரிடம் அந்தச் சாட்சியும் இல்லை.

ஒலியின் நீளத்தை அளப்பது நமக்குப் புதிது இல்லை என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. இயல்பாகக் கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று தமிழ் இலக்கணம் வைத்தது. அதோடு நிற்காமல், ஒரே உகரம் சில இடங்களில் அரை மாத்திரையாகக் குறுகும், மகரம் சில இடங்களில் கால் மாத்திரையாகத் தேயும் என்று குறுக்கங்களுக்குக் கணக்கும் எழுதி வைத்தது. ஓர் எழுத்தின் நேரம் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பது நம் பள்ளி இலக்கணப் பாடம். மனிதக் கண் ஒரு முறை இமைக்க ஏறக்குறைய 0.1 முதல் 0.4 வினாடி ஆகிறது. ஆர்ம்ஸ்ட்ராங்கின் ‘ஃபார்’, அதற்குள் ‘எ’ இருந்தால் அதுவும், ஒரு வேகமான இமைப்புக்குள் அடங்கிவிட்டன.

ஏன் யாருக்கும் கேட்கவில்லை

குட்டையாக ஒலித்ததால் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர்கள் நாள் முழுக்க ‘ஃபார் எ வைல்’, ‘ஃபார் எ மினிட்’, ‘ஃபார் எ வாக்’ என்று இதே குட்டை ‘ஃப்ர’வைச் சொல்கிறார்கள், கேட்கிறார்கள். ஒருவரும் தடுமாறுவதில்லை. நிலவில் மட்டும் ஏன் தடுமாறினார்கள்?

ஒரு காரணம் வேகம். டில்லியும் பிட்டும் 2010இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில் ‘லெஷர் ஆர் டைம்’ என்பது போன்ற தொடர்களை எடுத்துக்கொண்டார்கள். நடுவில் உள்ள, ‘அல்லது’ என்று பொருள்படும் ‘ஆர்’ இயல்பான பேச்சில் முந்தைய சொல்லின் வாலோடு ஒட்டிக் கிடக்கும். அந்த இடத்தைத் தொடாமல், சுற்றியுள்ள பேச்சை மட்டும் கணினியில் மெதுவாக்கினார்கள். கேட்டவர்களுக்கு ‘ஆர்’ மறைந்து போனது. சுற்றியுள்ளதை வேகமாக்கினால் இல்லாத சொல் இருப்பதாகக் கேட்டது. காது ஒலியைத் தனியாக அளப்பதில்லை. அக்கம்பக்கத்து நடையை வைத்து, இந்த நடையில் இவ்வளவு நேரத்துக்குள் இத்தனை சொல்தான் இருக்கும் என்று கணக்குப் போடுகிறது. ஆர்ம்ஸ்ட்ராங் அந்த வாக்கியத்தை நிறுத்தி நிதானமாகத்தான் சொன்னார். அந்த நிதான நடையில் 0.127 வினாடிக்குள் இரண்டு சொல் இருக்கும் என்று எந்தக் காதும் எதிர்பார்க்காது.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 1970இல் ரிச்சர்ட் வாரன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். ‘லெஜிஸ்லேச்சர்ஸ்’ என்ற சொல்லில் நடுவில் வரும் ஒரு ‘ஸ்’ஸை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் இருமலை ஒட்டி, முழு வாக்கியமாக 20 பேருக்குப் போட்டுக் காட்டினார். 19 பேர் எந்த ஒலியும் குறையவில்லை என்றார்கள். குறைகிறது என்ற அந்த ஒருவரும் வேறு ஒலியைச் சொன்னார். இல்லாத ‘ஸ்’ஸை மூளை நிரப்பிக்கொண்டது, ஏனென்றால் ‘ஸ்’ இல்லாமல் அங்கே ஒரு சொல்லே கிடையாது.

அப்படி நிரப்பத் தெரிந்த காது ‘எ’வை ஏன் நிரப்பவில்லை? நிரப்ப வேண்டிய அவசியம் வரவில்லை. ‘எ’ இல்லாமலும் ‘ஃபார் மேன்’ பிழையற்ற ஆங்கிலம். முன்னால் ‘எ’யோ ‘தி’யோ இல்லாமல் ஒருமையில் தனித்து நிற்கக்கூடிய உயிர்ப்பெயர்கள் ஆங்கிலத்தில் அபூர்வம், ‘மேன்’ அவற்றில் ஒன்று. ஆர்ம்ஸ்ட்ராங் அதே 0.127 வினாடியோடு ‘பாய்’ என்றோ ‘பைலட்’ என்றோ சொல்லியிருந்தால் 65 கோடிப் பேருக்கும் ‘ஃபார் எ பாய்’, ‘ஃபார் எ பைலட்’ என்று தெளிவாகக் கேட்டிருக்கும் என்பது என் துணிபு. ‘ஃபார் பாய்’ என்று ஆங்கில இலக்கணம் விடாது. விடாததால் காது தானாக ஒரு ‘எ’வை வைத்துக்கொள்ளும். அர்த்தம் மட்டும் இடிக்கிறது என்பதற்காகக் காது நிரப்பவில்லை என்பதையும் கவனியுங்கள். வாக்கியம் சொன்னதையே சொல்கிறது என்று யோசித்துப் பார்த்தால்தான் தெரியும். இலக்கணம் இடித்தால் உடனே உறைக்கும். அர்த்தம் இடித்தால் அப்புறம்தான் உறைக்கும்.

தமிழ்க் காதுக்கு எல்லாப் பெயர்ச்சொல்லும் ‘மேன்’தான்

‘எ’, ‘தி’ போன்ற சொற்கள் தமிழில் இல்லை. ‘அவர் டாக்டர்’, ‘மாத்திரை கொடு’, ‘பேனா இருக்கா’ எல்லாம் முழு வாக்கியம். ‘ஒரு’ போட்டால் போடலாம், போடாவிட்டால் ஒன்றும் குறையாது. இந்த இலக்கணத்தோடு வளர்ந்த காதுக்கு ‘ஷீஸ நர்ஸ்’ என்ற ஒலி வந்து சேர்ந்தால், அந்த ‘ஸ’வுக்குள் கரைந்திருக்கும் ‘எ’வைத் தேடச் சொல்லி உள்ளிருந்து எந்தக் குரலும் வராது. ‘ஷீ இஸ் நர்ஸ்’ என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த வரிக்குப் போவார்கள். நிலவில் ஒரு தடவை ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் நடந்தது, ஆங்கிலம் கேட்கும் தமிழருக்கு ஒவ்வொரு வாக்கியத்திலும் நடக்கிறது. ரஷ்யர்களுக்கும் ஜப்பானியர்களுக்கும் இதே கதைதான். அவர்கள் மொழியிலும் இந்தச் சொற்கள் இல்லை.

‘எ’ விட்டுப்போனால் இலக்கணப் பிழை என்று சிவப்பு மையில் சுழிப்பது நம் பள்ளிகளின் பழக்கம். பாதிக்கு மேல் அது காதுப் பிழை என்று நினைக்கிறேன். ‘எ’ எங்கே வரும், ‘தி’ எங்கே வரும் என்று விதியை மனப்பாடமாக ஒப்பிக்கிற மாணவரே டிக்டேஷனில் அதை விட்டுவிடுவார். விதி தெரியும். காதில் விழவில்லை.

இத்தனைக்கும் ஒலிகள் சேர்ந்தால் மாறும் என்பது உலகில் யாருக்குப் புதிதோ, தமிழருக்குப் புதிதாக இருக்கக் கூடாது. மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள். ‘க’வுக்காகத் தயாராகும் வாய் ‘ம்’மை முன்கூட்டியே ‘ங்’ ஆக்கிவிடுகிறது. ‘டென் கார்ஸ்’ என்பதை ஆங்கிலேயர் ‘டெங் கார்ஸ்’ என்று சொல்வதும், ‘டென் பீப்பிள்’ என்பதை ‘டெம் பீப்பிள்’ என்று சொல்வதும் அச்சு அசல் இதே வேலை. உயிரும் உயிரும் சந்தித்தால் நடுவில் உடம்படுமெய் வரும். இ, ஈ, ஐ வந்தால் யகரம், ஏ வந்தால் இரண்டில் ஒன்று, மற்றவற்றுக்கு வகரம் என்பது நன்னூல் விதி. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தைக் கேட்டுப் பாருங்கள்: ‘ஐ ஆம்’ ‘ஐயாம்’ ஆகிறது, ‘கோ ஆன்’ ‘கோவான்’ ஆகிறது. பவணந்தியார் லண்டனுக்குப் போகாமலே எழுதிவிட்டார். ஓர் இடத்தில் மட்டும் கணக்கு மாறும். மா என்பதோடு இலை சேர்ந்தால் நமக்கு மாவிலை, அதாவது வகரம். ‘லா அண்ட் ஆர்டர்’ என்பதில் அதே மாதிரி இடத்தில் லண்டன்காரர் எழுத்தில் இல்லாத ஒரு ‘ர்’ரை நுழைத்து ‘லாரண்டார்டர்’ என்பார்.

விழுங்குவதிலும் நாம் சளைத்தவர்கள் இல்லை. போய்க்கொண்டிருக்கிறேன் என்று எழுதுகிறோம், ‘போயிட்டிருக்கேன்’ என்கிறோம். புத்தகத் தமிழை மட்டும் படித்துவிட்டு மதுரையில் பஸ் ஏறும் வெளிநாட்டுக்காரருக்கு நம் பேச்சில் பாதி எழுத்து காணாமல் போயிருக்கும்.

பிறகு ஏன் ஆங்கிலத்தில் மட்டும் திணறுகிறோம்? தமிழ் தன் புணர்ச்சியை எழுதிக் காட்டுகிறது. மரங்கள் என்று மாறிய வடிவமே கண்ணுக்கு முன் இருக்கிறது. ஆங்கிலம் ஒலியை மாற்றிவிட்டு எழுத்தைப் பழையபடி விட்டுவிடுகிறது. ‘டென் கார்ஸ்’ தாளில் ‘டென்’னாகவே இருக்கும். நாம் ஆங்கிலத்தைப் பெரும்பாலும் கண்ணால் கற்றவர்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு அச்சாகியிருப்பதைப் போலவே காதிலும் இடைவெளி வரும் என்று காத்திருக்கிறோம். அடுத்தது நேரப் பங்கீடு. ஆங்கிலம் அழுத்தமுள்ள அசைக்கு நேரத்தை வாரிக் கொடுத்துவிட்டு, நடுவில் உள்ள சின்னச் சொற்களை நெருக்கித் தள்ளும். அழுத்தங்கள் கடிகாரம் மாதிரி சம இடைவெளியில் விழும் என்று பழைய பாடப்புத்தகங்கள் சொன்னது அளந்து பார்த்தபோது தேறவில்லை. ஆனால் நெருக்கித் தள்ளுவது உண்மை. நம் பேச்சில் அசைகள் ஓரளவு தங்கள் பங்கு நேரத்தை வாங்கிக்கொள்ளும். ‘ஃபார், எ, மேன்’ மூன்றுக்கும் சமமாக நேரம் கொடுத்துப் பேசுகிறவருக்கு, கேட்கும்போதும் அதே பங்கீடுதான் எதிர்பார்ப்பு.

வார்டில் நடப்பது

வெளிநாட்டு வேலைக்குப் போகும் செவிலியர்கள் எழுதும் ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வில் லிஸனிங் பகுதி உண்டு. நோயாளி பேசுவதைக் கேட்டுக் குறிப்பு நிரப்ப வேண்டும். அதற்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் ‘கிவ் ஹிம் எ டாப்லெட்’ என்ற வாக்கியம் பதிவில் வந்தது. வேகப் பேச்சில் ‘ஹிம்’ தன் ‘ஹ’வை இழந்துவிடும், ‘ஹர்’, ‘ஹிஸ்’ எல்லாம் வாக்கியத்தின் நடுவில் அப்படித்தான். ஆகவே பதிவில் ஒலித்தது ‘கிவிம டாப்லெட்’. நாகர்கோவில் பக்கத்துப் பெண் ஒருவர் ‘கிவ் மீ டாப்லெட்’ என்று எழுதியிருந்தார். மாத்திரை அவனுக்குப் போவதற்குப் பதிலாகப் பேசுகிறவருக்கே போய்விட்டது.

“நல்லாக் கேட்டுட்டேன் சார், ‘மீ’ன்னுதான் சொல்றாங்க” என்றார்.

அவர் காதில் கோளாறு எதுவும் இல்லை. ‘ம்’மும் அதன்பின் ஓர் உயிரும் உண்மையாகவே அங்கே இருந்தன. ‘எ’வை எதிர்பார்க்காத காது, அந்த உயிரை ‘ம்’மோடு சேர்த்துத் தனக்குத் தெரிந்த ஒரு சொல்லாக்கிவிட்டது. ‘டாப்லெட்’டுக்கு முன்னால் ஆங்கிலத்தில் ஏதாவது ஒன்று நின்றே ஆக வேண்டும், அது எங்கே என்று கேட்டேன். அவர் மறுபடி கேட்டுவிட்டு, ‘ம’வுக்குள்ளே இருக்கு சார் என்றார். அதன்பிறகு அந்தப் பதிவை எத்தனை தடவை போட்டாலும் அவருக்கு ‘ஹிம் எ’ என்றே கேட்டது. பதிவு அதேதான், அதற்குள் தேடிப் போன இலக்கணம்தான் மாறியது.

இதைவிட ஆபத்தானது ‘கேன்’, ‘கேண்ட்’ ஜோடி. பிரிட்டிஷ் நோயாளி என்றால் கவலை இல்லை. ‘காண்ட்’ என்று உயிரே நீண்டுவிடும். அமெரிக்கரும் கனடியரும் ‘கேண்ட்’ என்பதன் கடைசி ‘ட்’டைத் தொண்டையிலேயே அடைத்துவிடுவார்கள். சாப்பிட முடியும் என்பதற்கு ‘ஹீ கனீட்’ என்பார்கள். முடியாது என்பதற்கு ‘ஹீ கேன் ஈட்’ போலவே ஒலிக்கும், நடுவில் ஒரு சின்ன அடைப்போடு. ‘ட்’ வருமா என்று காத்திருக்கும் நம் மாணவர் ‘கேன்’ என்று முழுசாகக் கேட்டதும் முடியும் என்று எழுதிவிடுவார். முடியும் என்பது ‘கன்’ என்று நசுங்கி வரும். முழுசாக, அழுத்தமாக வந்தால்தான் முடியாது. ‘ட்’டை மறந்துவிட்டு உயிரின் நீளத்தைக் கேளுங்கள் என்பதை நான் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவது வழக்கம். பாடத்திட்டத்தில் இது எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்துக் காத்திருக்க முடியாது.

பதிவை மெதுவாக ஓடவிட்டுக் கேட்கச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. செல்பேசியிலேயே அந்த வசதி இருக்கிறது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. கரைந்த ஒலி பாதி வேகத்திலும் கரைந்தேதான் இருக்கும். முழு வாக்கியமும் ஒரே அளவு மெதுவானால் பெரிய சொல்லுக்கும் சின்னச் சொல்லுக்கும் உள்ள விகிதம் அப்படியே இருக்கிறது, காது போடும் கணக்கும் மாறுவதில்லை. ஒரு சொல்லை மட்டும் வெட்டி எடுத்துத் திரும்பத் திரும்பக் கேட்பதும் வீண் வேலை. உரையாடலிலிருந்து தனிச் சொற்களை வெட்டிக் கேட்கவைத்தபோது ஆங்கிலத் தாய்மொழிக்காரர்களே ஏறக்குறைய பாதியைத்தான் அடையாளம் கண்டார்கள் என்று 1960களிலேயே பொல்லாக், பிக்கெட் என்ற ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். சொல் பிழைத்திருப்பதே பக்கத்துச் சொற்களின் தயவில்தான்.

பலன் தருவதாக நான் பார்த்தது வேறு வரிசை. முதல் தடவை கேட்கும்போது ஓங்கி ஒலிக்கும் சொற்களை மட்டும் எழுதுவது: ‘கிவ், டாப்லெட்’. இரண்டாவது தடவை அவற்றுக்கு நடுவில் எத்தனை அசை இருந்தது என்று விரலால் தட்டுவது, என்ன அசை என்று யோசிக்காமல். மூன்றாவதாக, ஆங்கில இலக்கணப்படி அந்த இடத்தில் என்ன இருந்தாக வேண்டும் என்று தாளில் எழுதுவது. நான்காவதாகத்தான் மறுபடி கேட்பது, இந்தத் தடவை தேடிக்கொண்டு கேட்பது. ஆங்கிலக் காது ஒரு நொடிக்குள் தானாகச் செய்வதைத்தான் இங்கே தாளில் மெதுவாகச் செய்கிறோம். சில வாரங்களில் தாள் தேவைப்படுவதில்லை.

பேசும்போதும் இப்படி விழுங்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். கேட்பதற்குத்தான் இந்தப் பயிற்சி. ‘ஃபார் எ மேன்’ என்று மூன்றையும் தெளிவாகச் சொல்லும் தமிழரின் ஆங்கிலம் யாருக்கும் புரியாமல் போனதில்லை. ஓர் அசை தொலைந்தால் உயிர் போகும் இடங்களில் ஆங்கிலத் தாய்மொழிக்காரர்களே இணைத்துப் பேசுவதை நம்புவதில்லை. விமானிகள் 9 என்பதை ‘நைனர்’ என்கிறார்கள், 5 என்பதை ‘ஃபைஃப்’ என்கிறார்கள், மற்ற எண்ணோடு குழம்பக் கூடாது என்பதற்காக. வார்டில் 15 மில்லிகிராமா 50 மில்லிகிராமா என்ற சந்தேகம் வந்தால் ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஸீரோ’ என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லி, எதிரில் இருப்பவர் ஆமாம் என்ற பிறகுதான் மருந்தை எடுக்க வேண்டும்.